கண்ணைக் காட்டப் போகுமுன்

மூன்று வாரங்களாக நான் தடித்த மூக்குக் கண்ணாடியோடு வகுப்புக்கு வருவதைப் பார்த்து நண்பர்கள் பலர் காரணம் கேட்டார்கள். சிலர் கண்ணில் ஏதோ நோய் என்று அஞ்சினார்கள். சிலர், "ஆளே மாறிவிட்டீர்களே!" என்று சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "தேர்வு நெருங்குகிறது, படிப்பாளி வேடமா?" என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லி அலுத்திருந்த நேரத்தில் மன்றச் செயலாளர் வந்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். கேட்டவர் அனைவருக்கும் இதுவே விடையாக அமையட்டும்.

லேசர் கதிரால் பார்வையைத் திருத்திக் கண்ணாடியைக் கழற்றிவிடும் சிகிச்சை ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு கண் பரிசோதனை உண்டு. அதற்கு நான் என்னை ஆயத்தம் செய்துகொண்ட கதைதான் இது. சிகிச்சையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சில நிமிட வேலை, வலி இல்லை, மறுநாளே பார்வை என்கிறார்கள். விளம்பரப் பலகைகளும் அதையே சொல்கின்றன. பரிசோதனையைப் பற்றிப் பேசுவார் இல்லை. பெரிய நாள் அதுதான் என்பது என் எண்ணம். சிகிச்சை நாளில் முடிவு செய்வதற்கு அதிகம் இல்லை; எல்லாம் முன்பே முடிவாகிவிட்டிருக்கும். "ஆகும்", "ஆகாது" என்ற இரண்டு சொற்களுக்கும் கதவு திறந்திருப்பது பரிசோதனை நாளில்தான்.

எனக்கு ஆறாம் வகுப்பில் கண்ணாடி வந்தது. கரும்பலகை தெரியவில்லை என்றேன், ஆசிரியை முதல் வரிசைக்கு மாற்றினார், அங்கும் தெரியவில்லை. குடியாத்தத்தில் கண்ணாடிக் கடையில் கொடுத்த முதல் சீட்டில் மைனஸ் 1.25 என்று இருந்தது. இன்று வலக்கண் மைனஸ் 5.5, இடக்கண் மைனஸ் 5, அதோடு கொஞ்சம் சிலிண்டர் பவர். கணக்குத் தெரிந்தவர்கள் 100ஐ 5.5ஆல் வகுத்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் என் வலக்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் உலகம் முகத்திலிருந்து 18 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் நிறங்களே, வடிவங்கள் அல்ல.

கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. காலையில் கண் விழித்ததும் சுவர்க் கடிகாரம் தெரிய வேண்டும். ஓசூர் சாலையில் மழையில் நடக்கும்போது துடைக்க ஒன்றும் இல்லாதிருக்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு வலிக்க நிற்க வேண்டா. இவ்வளவே என் ஆசை. என் அம்மாவின் ஆசை வேறு. தை மாதத்தில் பெண் பார்க்க வரவேண்டியவர்கள் வருமுன் கண்ணாடி போய்விட வேண்டும் என்பது அது. அதற்காகவே இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தார்.

"கண்ணு, கண்ணாடி இல்லேன்னா நாலு வீட்டுக்காரங்க வந்து பார்ப்பாங்க. முன்னாடி போட்டிருந்தேன்னு நாம ஏன் சொல்லணும்?" என்று தொலைபேசியில் சொன்னார். அம்மா பொய் சொல்கிறவர் அல்லர். கடையில் ஐந்து ரூபாய் கூடுதலாக மீதி கொடுத்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். ஆயினும் மகளின் கண்ணாடி என்று வரும்போது அவருக்கும் ஒரு மறைவு தேவைப்படுகிறது. இந்த ஊர் வழக்கத்தை அவர் உண்டாக்கவில்லை அல்லவா?

நான் இயற்பியல் படிக்கிறவள். ஆகையால் பணத்தைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் எண்ணுமுன், அந்த லேசர் கண்ணில் என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். படித்தபோது நம்மவர் ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, பின் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். ஆர்கானும் புளோரினும் சேர்ந்து தரும் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிரை வைத்துக்கொண்டு அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரும் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உயிர்த் தசையில் அது என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து உண்ணும் நன்றி நவிலும் நாள். விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டுகளை மறுநாள் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். கதிரைப் பாய்ச்சினார். கதிர் பட்ட இடம் அச்சில் வெட்டியதுபோல் விளிம்பு சிதையாமல் பள்ளமாயிற்று. பக்கத்தில் கருகல் இல்லை.

காரணம் எளியது. அந்தக் கதிரின் ஒவ்வொரு ஒளித்துகளிலும் ஏறத்தாழ 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கரிம அணுக்கள் இரண்டைப் பிணைத்து வைத்திருக்கும் கட்டை அறுக்க 3.6 போதும். ஆகவே கதிர் தசையைச் சுடுவதில்லை. கட்டை அறுத்து மூலக்கூறுகளைச் சிதறடிக்கிறது. வெப்பம் பக்கத்துக்குப் பரவுமுன் வேலை முடிந்துவிடுகிறது. மனித முடி ஒன்றில் படிப்படியாகப் பள்ளம் வெட்டிக் காட்டிய படம் ஒன்று உண்டு. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து மாட்டுக் கண்ணில் இதைச் செய்து பார்த்தார். அங்கிருந்து மனிதக் கண்ணுக்கு வந்தது. 2013இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் கையால் நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் மூவருக்கும் கிடைத்தது. பிளம் அதைப் பெறுமுன்னரே மறைந்துவிட்டார். நம் வகுப்பில் லேசர் பாடம் நடக்கும்போது சீனிவாசனின் பெயரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நீட்டினேன்.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு துடிப்புக்கு மைக்ரானில் கால் பங்கு அளவே சீவக்கூடிய கருவி அது. அத்தனை நுட்பமான கருவி, நாம் கொடுக்கும் அளவை அப்படியே நம்பிச் செதுக்கும். கொடுத்த அளவு தவறானால் தவற்றையும் நுட்பமாகவே செதுக்கிவிடும். ஆகவே பரிசோதனைக்குப் போகும் கண் தன் உண்மையான வடிவத்தில் இருக்க வேண்டும். ஆயத்தம் என்பதெல்லாம் இதற்குத்தான்.

நான் நான்கு ஆண்டுகளாகக் கண்ணுக்குள் லென்ஸ் அணிகிறேன். உங்களில் பலர் என்னைக் கண்ணாடி இல்லாமலே அறிந்திருப்பதற்குக் காரணம் அதுவே. கருவிழியின் முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் தெளிவான ஒரு படலம் இருக்கிறது, கார்னியா என்பர். அதில் இரத்தக் குழாய் கிடையாது. குழாய் இருந்தால் ஒளி தடைபடும். எனவே அது தன் உயிர்க்காற்றைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதன்மேல் நாள்தோறும் பத்து மணி நேரம் ஒரு லென்ஸ் உட்கார்ந்திருந்தால் படலம் சற்றே வீங்கலாம். வடிவமும் சற்றே மாறலாம். மோதிரத்தைக் கழற்றிய விரலைப் பாருங்கள். தடம் உடனே மறைவதில்லை. அதுபோலத்தான். ஆகையால் சாதாரண மென்லென்ஸை இரண்டு வாரம் முன்பும், சிலிண்டர் பவருள்ள டோரிக் லென்ஸையும் காற்றுப் புகும் கெட்டி லென்ஸையும் மூன்று வாரம் முன்பும், பழைய கடின லென்ஸை நான்கு வாரம் முன்பும் நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லுகிறது. இடங்களுக்கு இடம் இந்தக் கணக்கு மாறும். போகும் மருத்துவமனையில் கேட்டுக்கொள்வதே நலம். என்னுடையது டோரிக். மூன்று வாரக் கண்ணாடியின் இரகசியம் இதுதான், நண்பர்களே.

மூன்று வாரம் எளிதாகப் போகவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் உலகம் வளைந்து தெரிந்தது. படிக்கட்டு இறங்கும்போது கடைசிப் படி இருந்த இடத்தில் இல்லை. நான் ஆடுகோடியில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். அடுகோடி என்றும் எழுதுகிறார்கள். அங்கே தெருவின் இரு புறமும் வண்டிகள், நடுவில் ஆட்டோக்கள், அவற்றுக்கிடையே மாடுகள். முதல் வாரம் அத்தை என்னைக் கடைக்குத் தனியே அனுப்பவில்லை. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. பழகிய பிறகு ஒன்றை உணர்ந்தேன்: கண்ணாடியோடு நான் பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. என்னைப் பார்ப்பவர்களுக்குத்தான் வேறுபாடு.

அடுத்தது காகித வேலை. கண்ணின் பவர் நின்றுவிட்டதா, இன்னும் ஏறுகிறதா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஓராண்டில் அரை டயாப்டருக்கு மேல் மாறிக்கொண்டிருக்கும் கண்ணைத் தொடுவதில்லை. ஏறிக்கொண்டிருக்கும் கண்ணை இன்று திருத்தினால் நாளை மறுபடியும் கண்ணாடி வரும். ஆகவே பழைய சீட்டுகள் தேவை. ஊரில் அம்மாவின் தகரப் பெட்டியில், குடும்ப அட்டைக்கும் பட்டாவுக்கும் கீழே, என் கண்ணாடிச் சீட்டுகள் ஏழும் இருந்தன. எதையும் எறியாத தாய்மார்கள் வாழ்க! கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். வயதை ஓர் அச்சிலும் பவரை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் போட்டேன். பதினாறு வயது வரை செங்குத்தாக ஏறிய கோடு பிறகு சாய்ந்து, 21இல் 5.25, 22இல் 5.5, இப்போது 23இலும் 5.5 என்று படுத்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் வரைந்த வரைபடங்களில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது அதுதான்.

பிறகு மை. பரிசோதனைக்கு முன் சில நாட்கள் கண்மை, இமைப் பூச்சு எதுவும் கூடாது. இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் நுண் துளைகள் உள்ளன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் விரைவில் உலராமல் காப்பது. மைப்பொடி அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. அத்தைக்கு இது பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மை இல்லாம நிக்கிறியே" என்று இரண்டு முறை சொன்னார். ஆண் நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிட வேண்டா. நெற்றியில் வழியும் தலை எண்ணெய்க்கும் இதே தடைதான்.

உடல்நிலை பற்றிய படிவம் ஒன்று முன்பே வந்தது. நீரிழிவு, மூட்டுவாதம், கருவுற்றிருத்தல், தாய்ப்பால் கொடுத்தல், தழும்பு தடித்து வளரும் இயல்பு என்று நீண்ட பட்டியல். உட்கொள்ளும் மாத்திரைகளையும் கேட்டிருந்தார்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை கண்ணை உலரச் செய்யும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் போடுகிற மாத்திரைகளும் அப்படியே. நம் விடுதிகளில் இவற்றை மிட்டாய்போல் பகிர்ந்துகொள்கிறோம். படிவம் நிரப்பும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் இரண்டு கேள்விகள் என்னை நிறுத்தின. கண்ணைக் கசக்கும் வழக்கம் உண்டா என்பது ஒன்று. விழித்திருக்கும்போது இல்லை என்று எனக்குத் தெரியும், தூக்கத்தில்? அத்தையிடம் சொன்னேன். அவர் இரண்டு இரவு விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணைக் கசக்கல, பல்லைத்தான் கடிக்கிறே" என்று அறிக்கை கொடுத்தார்.

மற்றொன்று, குடும்பத்தில் யாருக்கேனும் கூம்புக் கருவிழி உண்டா என்பது. கெரட்டோகோனஸ் என்று பெயர். படலம் மெலிந்து, நடுப்பகுதி கூம்புபோல் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டாலும் பார்வை தெளியாது. அந்த நோயின் தொடக்கம் இருக்கும் கண்ணை லேசரால் மேலும் மெலியச் செய்தால் படலம் தாங்காமல் முன்னுக்குப் பிதுங்கிவிடும். பரிசோதனை முழுவதும் ஒரு வகையில் இந்த ஒன்றைத் தேடும் வேலைதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஊரில் ஆயாவைக் கேட்டேன். அம்மாவைப் பெற்றவர். "கூம்பும் தெரியாது, கோபுரமும் தெரியாது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தம் தம்பி ஒருவர் இருபது வயதிலிருந்தே கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்தார் என்றும், எந்தக் கண்ணாடி போட்டும் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிப் படிப்பை விட்டார் என்றும் கூறினார். அவர் இப்போது இல்லை. அவருக்கு இருந்தது அந்த நோய்தானா என்று யாரும் பார்த்துச் சொன்னதும் இல்லை.

அன்று இரவே அம்மா அழைத்தார். ஆயா சொல்லியிருக்கிறார். "அந்தச் சின்னத் தாத்தா கதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லாதே, கண்ணு. கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்க. சீட்டுப் பணம் எடுத்தாச்சு" என்றார்.

அந்தப் படிவத்தை நான் இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். அம்மா மேல் கோபம் வரவில்லை. அவருடைய இரண்டு ஆண்டுச் சேமிப்பும் ஒரு தை மாதமும் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருந்தன. ஆனால் மருத்துவர் கையில் உள்ள கருவி அறியாத செய்தி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கருவி இன்றைய கண்ணைப் படமெடுக்கும். என் சின்னத் தாத்தாவின் கண்ணைப் படமெடுக்காது. கட்டத்தில் "ஆயாவின் தம்பிக்கு இருந்திருக்கலாம், உறுதி இல்லை" என்று எழுதினேன்.

மாமா கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவர். ஆடுகோடிக்கு இந்தத் தொழில் புதிதன்று. 1950களில் மைக்கோ தொழிற்சாலை இங்கே எழுந்தது. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் பாய்ச்சும் கருவிகளை மைக்ரான் கணக்கில் கடைந்த இடம் அது. இன்று அங்கே பாஷ் நிறுவனத்தின் அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. உற்பத்தி பிடதிக்குப் போய்விட்டது. ஆனால் அளவு பார்த்துப் பழகிய கைகள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் உண்டு. மாமாவுக்கு நான் கணக்கைச் சொன்னேன். சராசரிக் கண்ணில் படலத்தின் கனம் 540 மைக்ரான். லாசிக் முறையில் முதலில் மேலே ஏறத்தாழ 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மெல்லிய மூடியைச் சீவித் திறப்பார்கள். ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டரைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரான் செதுக்க வேண்டும்; எனக்கு ஐந்தரை என்றால் 66. மிச்சம் 364. குறைந்தது 250ஆவது அடியில் மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளாகக் கொள்ளப்படும் எல்லை.

மாமா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பட்டறையில் அவர்கள் கணக்கு 'தவ்'. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "250ன்னா பத்து தவ். உன் கண்ணு மொத்தமே இருபத்தொரு தவ்தானா?" என்று வியந்தார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாக இருந்தது: "கடைசல்ல ஒண்ணு பாரும்மா. சீவுனது சீவுனதுதான். திரும்ப ஒட்ட முடியாது. அதனால டூலைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு தடவை அளக்கணும்."

பரிசோதனை நாளன்று மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தார். துணை கட்டாயம் வேண்டும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதன்பின் சில மணி நேரம், சில மருந்துகளுக்கு மறுநாள் வரைகூட, அருகில் உள்ள எழுத்து தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டக் கூடாது. கறுப்புக் கண்ணாடி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். மாலையில் ஆய்வுக் குறிப்பேடு எழுதலாம் என்று திட்டமிட வேண்டா.

அங்கே நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கண்ணீரை அளக்க, 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாள் துண்டைக் கீழிமையில் மடித்துத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவைக்கிறார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் குறை இல்லை என்று கொள்கிறார்கள். பள்ளிக்கூட வேதியியல் அறையில் செய்வதுபோன்ற இந்தச் சோதனை, லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகளுக்கு நடுவே நடப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் இதை எளிதாக எண்ணக் கூடாது. சிகிச்சைக்கு முன் கண் உலர்ச்சி இல்லாதவர்களிலும் 30 விழுக்காடு வரை மூன்றாம் மாதத்தில் அதை உணர்ந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பங்குகொண்ட ஆய்வு சொல்லுகிறது. அதே ஆய்வில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் தம் பார்வையில் நிறைவு கண்டதாகவும் கூறியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

படலத்தை வரைபடமாக்கும் கருவியில் சுழலும் ஒரு கேமரா இருக்கிறது. சாய்ந்த தளத்தைத் தெளிவாகப் படமெடுக்கும் வழியை ஆஸ்திரிய இராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃபுளூக் வானிலிருந்து தரையைப் படமெடுப்பதற்காக 1904இல் வகுத்தார். அதே வழியில் இன்று கண்ணின் மேடு பள்ளங்களைக் காண்கிறார்கள். "மேலே நோடி, ரெப்பெ ஹொடியபேடி" என்றார் கருவியை இயக்கிய பெண். மேலே பாருங்கள், இமைக்காதீர்கள் என்று பொருள். கன்னடத்திலும் கண்ணுக்குக் கண்ணு என்றே பெயர். அம்மா என்னை அழைக்கும் சொல்லை ஒவ்வொரு அறையிலும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்திருந்த கூடத்தில் கண் தானப் படிவங்கள் வைத்திருந்தார்கள். ஆடுகோடி ஆட்டோக்களின் முதுகில் நீங்கள் நாள்தோறும் பார்க்கும் முகம், நடிகர் புனித் ராஜ்குமார், 2021 அக்டோபர் 29 அன்று மறைந்தார். அவருடைய இரு கண்களின் படலங்களையும் முன்னடுக்கு, பின்னடுக்கு எனப் பிரித்து நால்வருக்குப் பொருத்தினார்கள். 2006இல் மறைந்த அவர் தந்தை ராஜ்குமாரின் கண்களும் அவ்வாறே தானமாக அளிக்கப்பட்டவை. அரை மில்லிமீட்டர்ப் படலம் இருவருக்குப் பங்கு போடக்கூடியது! மாமா ஒரு படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழித்திரையைப் பார்த்த மருத்துவர் ஒன்றைச் சொன்னார். அது அம்மாவிடம் நான் தெரிவிக்க வேண்டியிருந்த செய்தி. கிட்டப்பார்வைக் கண் என்பது பெரும்பாலும் நீண்ட கண். சாதாரணக் கண் முன்னிருந்து பின் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். என்னுடையது ஏறத்தாழ 26. லேசர் முன்னால் உள்ள படலத்தைத் தட்டையாக்கி ஒளியைப் பின்னே தள்ளுகிறது, கண்ணைக் குறுக்குவதில்லை. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கிழிசல் வருகிறதா என்று சிகிச்சைக்குப் பின்னும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கும் விலக்கு இல்லை. கண்ணாடி போகும், கிட்டப்பார்வைக் கண் போகாது. பிள்ளைகளுக்கும் அது வரக்கூடும். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைப்பதற்கு லேசரில் இடமே இல்லை. மறைந்திருப்பது சட்டமும் இரண்டு கண்ணாடித் துண்டுகளும்தான்.

மாலையில் மருத்துவர் எங்களை அழைத்து வண்ணப் படங்களைக் காட்டினார். வலக்கண் 512 மைக்ரான்; வடிவம் சீராக இருந்தது. இடக்கண் 505, அதன் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடச் சற்றே மேடாக இருந்தது. மாமா படத்தின் மேல் குனிந்து, "கீழே ஓவலா இருக்குங்களே" என்றார். மருத்துவர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார். லென்ஸின் தடம் இன்னும் ஆறாமல் இருக்கலாம். அப்படியே இல்லாமலும் இருக்கலாம். வேறெந்தக் குறிப்பும் இல்லாவிட்டால் இது சிறிய வேறுபாடுதான். படிவத்தில் நான் எழுதிய ஒரு வரியின் கீழ் அவர் கோடு இழுத்திருந்தார். இன்னும் ஆறு வாரம் லென்ஸ் இல்லாமல் இருந்து மறுபடி படம் எடுக்க வேண்டும். மேடு குறைந்தால் பேசலாம். குறையாவிட்டால் இந்தச் சிகிச்சை வேண்டா. ஆண்டுதோறும் படம் எடுத்துக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆறு வாரம் என்றால் தை கடந்துவிடும்.

ஆட்டோவில் திரும்பும்போது மாமா ஒன்றும் பேசவில்லை. டெய்ரி சர்க்கிள் அருகே வண்டி நின்றபோது, "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

மருந்தின் வேகம் குறையாததால் கைப்பேசியில் அம்மாவின் பெயரை என்னால் படிக்க முடியவில்லை. அத்தைதான் அழைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சின்னத் தாத்தாவைப் பற்றி எழுதியதையும் சொன்னேன். வருகிறவர்களிடம் பெண் கண்ணாடி போடுகிறாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்படியும் கேட்டேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசை இல்லை. பின்னர், "கண்ணு எரியுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, வை" என்றார்.

நான்கு நாள் கழித்து மாமாவின் கணக்கில் ரூ. 3,000 வந்தது. சீட்டுப் பணத்தில் அம்மா எடுத்த முதல் தொகை அதுதான். கூடவே குரல்வழிச் செய்தி ஒன்றும் அனுப்பியிருந்தார்: "அந்தக் கறுப்புச் சட்டம் உனக்கு எடுப்பா இல்ல. மெலிசா, தங்கக் கலர்ல ஒண்ணு வாங்கிக்கோ. போட்டோ அதைப் போட்டுக்கிட்டே எடுத்து அனுப்பு. அவங்ககிட்ட சொல்லியாச்சு."